பேரம் படியாத நாலு மணி நேரம்

எங்கள் தெருவில் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லி யாருக்கும் பழக்கமில்லை. டீ சாப்பிடுகிறீர்களா என்றால், யார் வாங்கித் தருவது என்று திருப்பிக் கேட்பார்கள். மணி என்ன என்றால், உங்களுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பார்கள். ஒரு எண்ணை முதலில் வாயைவிட்டுச் சொன்னவன் மாட்டிக்கொண்டான் என்பது, கடைத் தரையில் தவழும் வயதிலேயே எங்களுக்குள் இறங்கிவிடும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மீன்காரர் கையில் மீன் வாசனை அடிப்பது மாதிரி, இது எங்கள் வாசனை.

தெருவின் ஒரு பக்கம் கயிறும் தார்ப்பாயும் தகரமும். மறு பக்கம் முழுக்கச் சாக்கு. என் கயிற்றுக்கடைக்கு நேர் எதிரே இருந்தது பழைய சாக்குக்கடை. குகை மாதிரி நீளமாக உள்ளே போகும். கூரையில் இரண்டு இடத்தில் கண்ணாடித் தகடு பதித்திருந்தார்கள். அங்கிருந்து இறங்கும் வெயிலில் சணல் தூசி எந்நேரமும் மிதந்துகொண்டிருக்கும். மில்களிலிருந்தும் கிடங்குகளிலிருந்தும் காலிச் சாக்குகள் கட்டுக் கட்டாக வரும். ஒவ்வொன்றையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, தூணில் ஓங்கி அடித்து, தூசி பறக்கவிட்டு, நல்லது, ஒட்டுப் போட வேண்டியது, கிழிசல் என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். அதற்குமுன் மூக்கு வேலை செய்யும். இது சர்க்கரை, இது மாவு, இது உரம், இதைத் தின்கிற சாமான் பக்கமே கொண்டுபோகாதே. நாள் முழுக்க இந்த வேலை செய்தவர்களுக்கு ராத்திரி தும்மினாலும் சணல்தான் வரும்.

கடையை நடத்தியது அந்த அம்மா. அறுபதை நெருங்கியிருந்தார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். சாக்குக்குள் கையைத் தோள்வரைக்கும் விட்டுவிட்டு, கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டே, எங்கே ஒரு நூல் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவருக்கு ஒரே மகன். தெரு அவனுக்கு வைத்த பெயர் கண்ணாடி. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிந்துவிடும். எதிராளி நல்ல விலை சொன்னால் அவன் காது சிவந்துவிடும். காது சிவந்தால் விலை அங்கேயே நின்றுவிடும். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்த அக்கா, அவனைக் கடையின் கோடியில் தையல் மெஷினில், வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்துவிட்டார். அன்றிலிருந்து வியாபாரம் தேறியது. தையலும் நன்றாகத்தான் இருந்தது. அவன் போட்ட ஒட்டு, சாக்கு மக்கினாலும் விடாது.

அவன் மனைவி வந்தது தார்ப்பாய்க்காரர் வீட்டிலிருந்து. அவளுக்குத் தெரு வைத்த பெயர் சுவர். முகத்தில் ஒன்றும் தெரியாது. எதிரே இருப்பவர் கத்தினாலும், கெஞ்சினாலும், எழுந்து போவதுபோல நாற்காலியை நகர்த்தினாலும், அவள் பாட்டுக்கு அவர் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருப்பாள். அவளோடு பேரம் பேசிவிட்டு வந்த ஒரு எண்ணெய்க்கிடங்குக்காரர் என் கடையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அந்தப் பொண்ணு மூச்சு விடுதா இல்லையான்னு ஒரு தடவை பாத்துட்டு வாங்க என்றார். கண்ணாடியும் சுவரும் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்பது தெருவுக்குப் பெரிய ஆச்சரியம். நடத்தினார்கள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து அவள் முழுகாமல் இருந்தபோது, அதைக்கூட அவன் காதைப் பார்த்துத்தான் தெரு கண்டுபிடித்தது.

ஒன்பதாம் மாதம் பிறந்தபோது பரிசோதனைக்காக அவர்களைப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில்தான் கூட்டிப்போனேன். கயிறு டெலிவரி கொடுக்க வைத்திருந்த சின்ன வேன். திரும்பி வரும்போது அக்காவின் முகம் சரியில்லை. வீட்டுக்குள் போனதும் போகாததுமாக என் கடைக்கு வந்து, யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னார். போன வாரம் ஏதோ பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்களாம். மருமகள் உடம்பில் ஒரு கிருமி இருக்கிறதாம்.

அன்று உள்ளே நடந்ததை அக்கா கொஞ்சமும் கண்ணாடி கொஞ்சமுமாகச் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். அங்கே ஒரு பெரிய நர்ஸ் இருந்தார். தடித்த மூக்குக்கண்ணாடி, நரைத்த கொண்டை, அவசரமே படாத குரல். அவர் எடுத்ததுமே இது நோய் இல்லை என்று சொல்லியிருக்கிறார். நாலைந்து பெண்களில் ஒருத்தி உடம்பில் இது இருக்கும், தானாக வரும், தானாகப் போகும், தாய்க்கு ஒன்றும் செய்யாது. பிள்ளை வெளியே வரும் வழியில் அதன்மேல் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் அதற்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் நூற்றில் ஒன்றிரண்டு பிள்ளைக்கு ரத்தத்தில் ஏறிவிடும். ஏறினால் அது சில மணி நேரத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும்.

அக்காவுக்கு இது சரக்கில் குறை சொல்வது மாதிரி கேட்டது. குறை சொன்னால் அடுத்து பேரம்தான் என்று அவர் உடனே இறங்கிவிட்டார்.

"அதுக்குத்தான் மாத்திரை இருக்குமே. இப்பவே குடுத்துடுங்க, முழுங்கிட்டுப் போறா."

இப்போது கொடுத்தால் இப்போது போகும், பிரசவத்துக்குள் திரும்ப முளைத்துவிடும் என்று நர்ஸ் விளக்கினார். வலி எடுத்ததும் அல்லது பனிக்குடம் உடைந்ததும் உடனே வந்துவிட வேண்டும். வந்ததும் கையில் ஊசி ஏற்றி மருந்தை இறக்குவார்கள். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அந்த மருந்துக்கு நாலு மணி நேரமாவது கிடைத்தால் நல்லது.

"நாலு மணி நேரமா? மூணுக்கு முடியாதா?"

நர்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாராம்.

"அம்மா, நான் எதையும் விக்கல."

"அதுக்கில்ல. வழியில வண்டி கிண்டி நின்னுபோச்சுன்னா, ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

"இது நான் வச்ச கணக்கு இல்லம்மா. மருந்து இவங்க ரத்தத்துல ஏறி, வயித்துக்குள்ள போயி, பிள்ளைகிட்ட போய்ச் சேரணும். அதுக்கு ஆகுற நேரம். நேரம் கம்மியா கிடைச்சாலும் மருந்து போடுவோம். ஒண்ணுமில்லாததுக்கு அது தேவலை. ஆனா நீங்க அந்த நேரத்தைக் குடுத்துட்டீங்கன்னா, பாதி பயம் அங்கயே போயிடும்."

அப்போது சுவர் வாயைத் திறந்தாள். பனிக்குடம் உடைஞ்சா வலி இல்லாட்டியும் வரணுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வரணும், குளிச்சிட்டு வர்றேன், சாப்பிட்டுட்டு வர்றேன்னு நிக்கக் கூடாது என்று சொல்லி நர்ஸ் அவளுடைய அட்டையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கொடுத்தார்.

அக்கா என்னிடம் சத்தியம் வாங்காத குறை. தெருவில் யாரிடமும் சொல்லக் கூடாது. சாக்கில் ஓட்டை இருந்தால் நாங்கள் மடித்து உள்பக்கம் வைப்போம். அதுபோல அந்த அட்டையையும் மடித்துப் பையின் அடியில் போட்டார். அடுத்த நாள் பார்த்தால் அது மருமகளின் இடுப்புப் பையில் இருந்தது. யாரிடமும் கேட்காமல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்தே வானம் இருட்டிக்கொண்டிருந்தது. காற்றில் மண் வாசனை. சாக்குக்காரர்களுக்கு மழை எமன். அன்று பார்த்துக் கடைக்குள் இடமில்லாமல் மூவாயிரம் சாக்கை வெளித்திடலில் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே போட இருந்த தார்ப்பாய் பாதிக்குத்தான் காணும். நனைந்தால் சணல் தண்ணீரைக் குடித்து ஊறிவிடும், இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். இதெல்லாம் சாக்கு வாங்க வரும் மாவுமில்காரருக்கும் தெரியும். தெரிந்துதான் அவர் அன்றைக்குப் பார்த்து லாரியோடு வந்தார். வந்தவர் நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு, வானத்தைப் பார்த்தபடி, பல் குத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மழை வரும்வரை பேசிக்கொண்டே இருப்பது, முதல் தூறல் விழும்போது கடைசி விலையைச் சொல்வது, அதுதான் அவர் திட்டம்.

சுவர் அவருக்கு எதிரே ஒரு சாக்குக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். மணி ஒன்பதரை. நான் நைலான் கயிற்றின் நுனிகளைப் பிரியாமல் இருக்கத் தீயில் சுட்டு ஒட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கடைப் பேரம்தான் எங்களுக்குச் சினிமா.

அப்படி ஒன்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மில்காரர் ஒரு விலை சொன்னார். அவள் பதில் சொல்லவில்லை. அவர் தலைக்கு மேலே தூணைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் ஓடியது. அவர் கால் மாற்றிப் போட்டார். வானத்தைக் காட்டினார். அவள் தூணையே பார்த்தாள். அவர் கொஞ்சம் ஏற்றினார். அதற்கப்புறம் அவள் சகஜமாக இரண்டு வார்த்தை பேசினாள். சாக்கின் தரம், தையலின் உறுதி. பத்து நிமிஷம் போனது. அவர் அடுத்த விலையைச் சொன்னார். திரும்பவும் அதே மௌனம். கை இரண்டும் சாக்குக்கட்டின் கயிற்றைப் பிடித்திருந்தன. கண் இமைக்கவில்லை. அவர் திரும்பவும் ஏற்றினார். நேரம் போகப் போக அவளுடைய மௌனங்கள் அடிக்கடி வந்தன, நீளமாகவும் வந்தன. மில்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் தாங்க முடியாமல் அக்காவைப் பார்த்து, உங்க மருமகளை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கம்மா, கோயில் சிலைகூட இப்படிப் பாக்காது என்றார். அக்கா பெருமையில் சாக்குக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவே மறந்து உட்கார்ந்திருந்தார்.

பதினொன்றேகாலுக்குப் பேரம் படிந்தது. மில்காரர் தோற்றவர் மாதிரி எழுந்து போய் லாரிக்காரரைக் கூப்பிட்டார். ஏற்றக் கூலி ஆட்கள் திடலுக்கு ஓடினார்கள். முதல் தூறல் விழுந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை.

"அத்தே, கொஞ்சம் கிட்ட வாங்க."

"என்னம்மா, இன்னும் ஒரு சுத்து ஏத்தியிருக்கலாம்னு பாக்குறியா?"

"பனிக்குடம் உடைஞ்சிருச்சு."

"எப்ப?"

அதற்குப் பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு அந்த மௌனங்கள் புரிந்தன. பேரம் பேசிக்கொண்டிருந்தது மில்காரரோடு இல்லை, வலியோடு.

"அவர் வந்து உக்காந்தாரே, அப்ப."

அவளுக்குக் கீழே இருந்த சாக்குக்கட்டு கறுத்து ஊறியிருந்தது. சணல் எதையும் வெளியே காட்டாமல் குடித்துவிட்டிருந்தது. கோடியில் தையல் மெஷின் நின்றது. கண்ணாடி திரும்பிப் பார்த்தான். அன்றைக்கு அவன் காது சிவக்கவில்லை. வெளுத்திருந்தது.

வேனிலிருந்த கயிற்றுச் சுருளையெல்லாம் ரோட்டில் எறிந்துவிட்டு அவளை ஏற்றினோம். மழை வலுத்தது. கண்ணாடியை வேனின் பின்பக்கம் அவள் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னோம். அக்கா வழி முழுக்க ஒரே கேள்விதான்.

"ஏம்மா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா அந்தாளு அந்த விலைக்கு வாங்கியிருப்பாரா?"

"வாங்கியிருக்க மாட்டார்" என்றார் அக்கா. பழக்கம். சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கை ஆஸ்பத்திரி வாசல்வரை வாயிலிருந்து இறங்கவில்லை.

"முதல் பிரசவம் ஒரு நாள் இழுக்கும்னு ஆளாளுக்குச் சொன்னாங்கத்தே. நாலு மணி நேரம்தானே, கையில நிறைய இருக்குன்னு நினைச்சேன்" என்றாள் அவள். அடுத்த வலி வந்து அந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஆஸ்பத்திரிக் கதவில் அதே பெரிய நர்ஸ். தள்ளுவண்டியில் படுக்க வைக்கும்போதே, பனிக்குடம் எப்போது உடைந்தது என்று கேட்டார்.

அக்கா முந்திக்கொண்டார். "இப்பத்தாம்மா. ஒரு அரைமணி நேரம் இருக்கும்."

அவர் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் எந்தக் கேள்விக்கும் முதலில் குறைத்துத்தான் சொல்வோம். அப்புறம் படிப்படியாக நிஜத்துக்கு வருவோம். அது நாக்கில் இருக்கிற வளைவு.

சுவர் தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்து எழுந்தாள். இடுப்புப் பையிலிருந்து அட்டையை எடுத்து நர்ஸ் கையில் திணித்தாள்.

"அத்தை சொல்றதை எழுதாதீங்க. ஒன்பதரைக்கு உடைஞ்சுது. ரெண்டேகால் மணி நேரம் ஆச்சு. பத்து மணியிலேருந்து வலி. எனக்கு அந்தக் கிருமி இருக்கு. வேணும்னேதான் உக்காந்திருந்தேன். எழுதிக்குங்க."

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்த ஒருத்தி, யாரும் வற்புறுத்தாமல், முதல் வாயிலேயே முழு எண்ணையும் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நர்ஸ் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. எழுதிக்கொண்டே, பதினொன்று ஐம்பதுக்கு மருந்து ஏறணும் என்று உள்ளே குரல் கொடுத்தார். ஏறியது.

ஆனால் பிள்ளை காத்திருக்கவில்லை. ஒன்று முப்பத்தைந்துக்குப் பிறந்துவிட்டது. பெண் குழந்தை. மருந்துக்குக் கிடைத்தது ஒன்றேமுக்கால் மணி நேரம்.

அழுகை வெளியே கேட்டது. எடை நன்றாக இருக்கிறது, நிறம் நன்றாக இருக்கிறது என்று வந்து சொன்னார்கள். அக்கா வராந்தாச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வாசலில் இருந்த கடையில் டீயும் ரொட்டியும் வாங்கி வந்தேன். கண்ணாடி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் கையிலேயே வைத்திருந்தான். எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். பெரிய நர்ஸ் அப்படி நினைக்கவில்லை. பனிக்குடம் உடைந்து நாலு மணி நேரம் ஓடிவிட்டது, மருந்துக்கும் நேரம் போதவில்லை, அதனால் இந்தப் பிள்ளையை நாங்கள் விடாமல் பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். மணிக்கு ஒரு தடவை ஒரு நர்ஸ் வந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுக்க எண்ணிவிட்டுப் போனார். மூன்று மணிக்கு, நாலு மணிக்கு, ஐந்து மணிக்கு.

ஆறு மணிக்கு எண்ண வந்தவர் எண்ணிக்கொண்டே நின்றார். திரும்ப ஒரு தடவை எண்ணினார். பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்திருந்த சுவருக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. மூச்சு விடும்போது பிள்ளை ஏதோ சொல்கிற மாதிரி முனகுகிறது என்று அவளே முதலில் சொன்னாளாம். விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே உள்ளே இழுத்தது. எழுபத்தாறு என்றார் நர்ஸ். அடுத்த நிமிஷம் பிள்ளை அங்கே இல்லை.

பிள்ளைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு மாடியில் இருந்தது. வராந்தாவில் ஒரு நீளக் கண்ணாடி ஜன்னல். திரை விலகியிருக்கும்போது உள்ளே தெரியும். கண்ணாடியும் நானும் அங்கே போய் நின்றோம். பிளாஸ்டிக் பெட்டிக்குள் பிள்ளை மல்லாந்து கிடந்தது. என் முழங்கை நீளம் இருக்கும். பெரிய நர்ஸும் இன்னொரு நர்ஸும் குனிந்து அதன் கையைப் பிடித்திருந்தார்கள். அந்தக் கை, பெரிய நர்ஸின் கட்டைவிரல் அளவு. அதில் ஊசி ஏற்ற வேண்டும்.

கண்ணாடி ஊசிக்காரன். அவனுடைய கோணூசி ஒரு சாண் நீளம் இருக்கும். ஊசிக் காதில் நூலைப் பார்க்காமலே கோர்ப்பான். ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான். நர்ஸ் ஒரு சின்ன விளக்கைப் பிள்ளையின் உள்ளங்கைக்குக் கீழே பிடித்தார். கை முழுக்கச் சிவப்பாக ஒளிர்ந்தது, உள்ளே நாளங்கள் கோடு கோடாகத் தெரிந்தன, தாமரை இதழைச் சூரியனுக்கு எதிரே பிடித்த மாதிரி. முடிக்கற்றையில் ஒரு முடி அளவு ஊசி. அது அந்தக் கோட்டுக்குள் ஒரே தடவையில் போனது.

"அண்ணே" என்றான். "நான் இத்தனை வருஷமா என்னத்தைத் தைச்சேன்?"

குழந்தைகள் டாக்டர் வந்து பேசினார். சின்ன வயதுப் பெண். காலில் பிய்ந்த ரப்பர் செருப்பு. ரத்தம் எடுத்திருக்கிறோம், கிருமியை எதிர்த்துப் போராடும் மருந்தை உடனே ஆரம்பித்துவிட்டோம், ரத்தத்தில் என்ன கிருமி என்று தெரிய இரண்டு நாள் ஆகும், ஆனால் அதற்குக் காத்திருக்க மாட்டோம் என்றார். பிழைக்குமா என்று கண்ணாடி கேட்டான். அவர் நேராகப் பதில் சொன்னார். தெரியாது, ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்திருக்கிறோம் என்றார்.

அடுத்த நாள் முழுக்க அந்தத் 'தெரியாது'க்குள்தான் நாங்கள் குடியிருந்தோம். மழை விடவில்லை. மூச்சு எழுபதுக்குக் கீழே இறங்கவில்லை. மதியம் கொஞ்ச நேரம் பிள்ளை மூச்சு விடவே மறந்துபோனது. நர்ஸ் உள்ளங்காலைச் சுண்டி ஞாபகப்படுத்தினார். சுவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டியின் பக்கத்துத் துளை வழியாகக் கையை விட்டு, பிள்ளையின் தலைமேல் வைத்தபடியே இருந்தாள். நடுநடுவே பாலைப் பிழிந்து சின்னக் கிண்ணத்தில் கொடுத்தாள். சொட்டுச் சொட்டாகக் குழாயில் போனது. அக்கா கடைக்குப் போகவில்லை. கடை மூடியிருந்ததைத் தெரு அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தது.

சாயங்காலம் டாக்டர் வந்தபோது அக்காவும் நானும் வாசலில் நின்றிருந்தோம். சுவர் டாக்டரைக் கேட்டாள்.

"நான் அந்த நேரம் உக்காந்திருந்ததாலதானா?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இருக்கலாம். ஒன்பதரைக்கே வந்திருந்தா மருந்துக்கு முழு நேரம் கிடைச்சிருக்கும். அப்ப இது வராம இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். இல்லைன்னு சொன்னா நான் உங்களை ஏமாத்துறதா ஆகும்."

அவள் தலையை ஆட்டினாள்.

"ஆனா இன்னொண்ணும் இருக்கு. நேரத்தைக் குறைச்சு நீங்க சொல்லியிருந்தா, பிறந்த பிள்ளை நல்லா இருக்குன்னு கொஞ்சம் அசந்திருப்போம். நீங்க உள்ளதைச் சொன்னதாலதான் மணிக்கு மணி எண்ணினோம். இந்தக் கிருமி விஷயத்துல ஒரு மணி நேரம் முந்திக்கிறது சின்ன விஷயம் இல்ல."

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டார். அப்படிக் குறைத்துச் சொன்னது அவர்தான். டாக்டருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அக்கா, அந்தக் கிருமி பார்க்க எப்படி இருக்கும் என்று டாக்டரிடம் கேட்டார். உருண்டை உருண்டையாக, மணி கோர்த்த மாதிரி வரிசையாக இருக்கும், மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும் என்றார் அவர்.

"சாக்குல ஒரு நூல் விட்டாக்கூட என் கைக்குத் தெரியும். இது இவ உடம்புல இத்தனை நாள் இருந்திருக்கு. தினம் தலை சீவி விட்டேன், கால் பிடிச்சு விட்டேன். எங்கயும் தட்டுப்படலியே" என்றார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது வேறு யாருடைய கையோ என்பது மாதிரி.

மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை வந்தது. அதே கிருமிதான். ஏற்றிக்கொண்டிருந்த மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமி. முதுகுத்தண்டு நீரில் ஏறவில்லை, மூளைக்குப் போகவில்லை. பத்து நாள் மருந்து போக வேண்டும் என்றார் டாக்டர். அக்கா வாயைத் திறந்தார். கண்ணாடியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பத்து நாளும் எங்களை உள்ள விடுவீங்களா என்று மட்டும் கேட்டார்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அன்று கீழே இறங்கும்போது அக்கா அந்த வரிசையின் முன்னால் நின்றுவிட்டார். யாரும் கேட்காமலே சத்தமாகச் சொன்னார்: எம் மருமகளுக்கு அந்தக் கிருமி இருந்துச்சு, உங்களுக்கும் குச்சியில தொட்டுப் பாப்பாங்க, இருந்தா மூடி வைக்காதீங்க, தண்ணி உடைஞ்சா வேலை கீலைன்னு உக்காராதீங்க. ஒரு பெண் சிரித்தாள். ஒரு பெண் கைப்பையிலிருந்த அட்டையை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

நாலாம் நாள் காலை மழை வெறித்திருந்தது. நான் ரொட்டியும் அவித்த முட்டையும் பிளாஸ்கில் டீயும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஜன்னல் திரை விலகியிருந்தது. அக்காவும் கண்ணாடியும் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்கள். உள்ளே பிள்ளையின் மூக்கில் இருந்த காற்றுக் குழாயைக் காலையில்தான் எடுத்திருந்தார்கள். கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடம் மட்டும் சிவந்திருந்தது. சுவர் அதை மார்போடு சேர்த்துத் துணியால் சுற்றிப் பிடித்திருந்தாள். பெரிய நர்ஸ் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் வராந்தாவில் யாரும் அசையவில்லை. துடைப்பத்தோடு வந்த அம்மாள்கூட நின்றுவிட்டார்.

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பி விரலால் காட்டினார். நாலு, எட்டு. நாற்பத்தெட்டு.

அது நல்ல எண்ணா என்று அக்கா என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அந்த எண்ணுக்கு மேலே போவதற்கோ கீழே வருவதற்கோ எங்கள் யார் கையிலும் ஒன்றும் இல்லை. நர்ஸ் சிரித்துக்கொண்டிருந்தார், அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

அப்போது பிள்ளை கொட்டாவி விட்டது.

வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது. அவ்வளவு சின்ன முகத்துக்குள் அவ்வளவு பெரிய வாய் எங்கே மடித்து வைத்திருந்தது என்று தெரியவில்லை. கண் இரண்டும் கோடாகச் சுருங்கின. மூக்கு மேலே ஏறியது. ரோஜா நிற ஈறு, நாக்கு, அதற்கும் பின்னால் இருட்டான தொண்டை. பிறந்து மூன்று நாளில் உலகத்தோடு அத்தனை சண்டை போட்டுவிட்டு, இதெல்லாம் ஒரு விஷயமா என்பது மாதிரி, அவசரமே இல்லாமல், முழுசாக ஒரு கொட்டாவி. பிறகு வாயை மூடி, இரண்டு தடவை சப்புக் கொட்டி, தூங்கிப்போனது.

வராந்தாவில் நாங்கள் மூன்று பேரும் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றோம். எங்கள் மூச்சில் கண்ணாடி பனித்தது. துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தோம்.